தூரத்து நண்பர்களும் பக்கத்து லயமும்

(சிம்பாங் அம்பாட்டில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலைப்பைக் கேட்டதும் ஏற்பாட்டாளர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். அதில் தப்பில்லை. மலாயா கம்யூனிஸ்ட் கட்சியைப் பற்றிப் பேசினால் இந்த நாட்டில் இன்றும் ஒரு நெருடல் உண்டு. 2006-இல் இயக்குநர் அமிர் முகமது அந்தக் கட்சியின் தலைவர் சின் பெங்கைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். பாட்டும் பேட்டியுமாகப் போகும் படம். சின் பெங் அதில் தலைகாட்டவே மாட்டார். அதையும் தடை செய்தார்கள். ஆனால் நான் இங்கே வந்தது அந்தக் கட்சியைப் புகழவோ தூற்றவோ அல்ல. அது யாரோடு கைகோத்தது, எப்போது கோத்தது, கோத்த கையை ஏன் விட்டது என்பதுதான் இன்றைய பேச்சு. உள்நாட்டில் கூட்டாளி, வெளிநாட்டில் கூட்டாளி என்று இரண்டையும் தேடாத புரட்சிக் கட்சி உலகத்தில் இல்லை. மலாயாவில் இந்த இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. தூரத்து நட்பு ஒவ்வொன்றும் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் ஒரு கதவைச் சாத்தியது. இதைத்தான் நான் சொல்ல வந்தேன். மற்றதெல்லாம் அதற்கான கதை.

தத்துவத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 1920-இல் மாஸ்கோவில் கம்யூனிஸ்ட் அகிலத்தின் இரண்டாவது மாநாடு கூடியது. அடிமை நாடுகளின் தேசிய இயக்கங்களோடு கம்யூனிஸ்டுகள் தற்காலிகமாகச் சேரலாம், ஆனால் அதில் கரைந்துவிடக் கூடாது என்றார் லெனின். நம் நாட்டு முதலாளியை நம்பாதே, கீழே இருக்கிற தொழிலாளியையும் விவசாயியையும் திரட்டு என்றார் வங்காளத்து எம்.என். ராய். இரண்டு பேருடைய கருத்தையும் மாநாடு ஏற்றுக்கொண்டது. அதாவது சண்டை தீரவில்லை. 1935-இல் பாசிசத்தை எதிர்க்க யாரோடும் சேரலாம் என்று அகிலம் வாசலை அகலத் திறந்தது. 1939-இல் மாவோ, ஐக்கிய முன்னணி, ஆயுதப் போராட்டம், கட்சி கட்டுதல் என்று மூன்றையும் சீனப் புரட்சியின் ஆயுதங்களாக வரிசைப்படுத்தினார். மலாயாக் கட்சி இந்தப் பாடங்களையெல்லாம் மனப்பாடமாகப் படித்திருந்தது.

அந்தக் கட்சி பிறந்ததே வெளிநாட்டுக் கையால்தான். 1930 ஏப்ரலில் அது அமைக்கப்பட்டபோது அகிலத்தின் பிரதிநிதியாக வந்து முன்னின்றவர் நுயென் ஆய் குவோக். பின்னாளில் உலகம் அவரை ஹோ சி மின் என்று அறிந்தது. அடுத்த ஆண்டே சிங்கப்பூரில் ஜோசப் டுக்ரு என்ற பிரெஞ்சுக்காரர், அகிலத்தின் தூதாள், பிடிபட்டார். அவரிடம் கிடைத்த முகவரிகளைப் பிடித்துக்கொண்டே போன போலீஸ், ஹாங்காங்கில் ஹோ சி மின்னையும் கைது செய்தது. கட்சியில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனர். மலாய்க்காரரையும் இந்தியரையும் சேர்க்க வேண்டும் என்று அகிலம் சொல்லிக்கொண்டே இருந்தது, கட்சியும் தலையாட்டிக்கொண்டே இருந்தது. ஆனால் தீர்மானத்தைக் கொண்டுபோய் லயத்தில் யாரிடம் கொடுப்பது? அந்தத் தீர்மானம் எழுதப்பட்ட மொழியே நம் தோட்டத்துத் தமிழர்களுக்குத் தெரியாது.

நம் பக்கம் அப்போது என்ன நடந்தது? இந்தச் செபராங் பிறை மண்ணில் தமிழர் முதலில் இறங்கியது கரும்புக்கு. பத்து காவானும் நிபோங் திபாலும் ரப்பருக்கு முன்னால் கரும்பு தேசம். சஞ்சிக்கூலியாக வந்தவர்கள் வெட்டிய கரும்பு. பிறகு பால்மரம் வந்தது, கங்காணி வந்தார், விடியுமுன் பெரட்டு வந்தது. வெள்ளைக்கார துரை, அவருக்குக் கீழே கிராணி, அவருக்குக் கீழே தண்டல், எல்லாருக்கும் கீழே கையில் உளியும் தோளில் வாளியுமாக நம் பாட்டன் பாட்டி.

1941-இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. தமிழ் நேசனில் துணையாசிரியராக இருந்த ஆர்.எச். நாதன் அதில் முன்னணியில் நின்றார். கோரிக்கைப் பட்டியலை நீங்கள் ஒருமுறையாவது படித்துப் பார்க்க வேண்டும். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கிற கூலியைத் தமிழனுக்கும் கொடு என்பது முதலில் வருகிறது. அன்றைக்கு நமக்கு நாளுக்கு ஐம்பது காசு, சீனருக்கு அதைவிட நன்றாகவே கூட. கள்ளுக்கடையை மூடு. பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் வை. பெண்களிடம் முறைகேடாக நடக்காதே. சொந்தக்காரர் தோட்டத்துக்கு வந்துபோக விடு. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரையும் கிராணியும் எதிரே வரும்போது நாங்கள் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். கூலியை எந்தச் சங்கமும் கேட்கும். துரைக்கு முன்னால் சைக்கிளில் உட்கார்ந்தபடியே போகிற உரிமையைக் கேட்பதற்கு, தினமும் இறங்கி இறங்கிக் கூசிப்போன ஆள் வேண்டும். நாதனை மே மாதம் பிடித்து நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது. சுட்டார்கள், தொழிலாளர்கள் செத்தார்கள்.

இந்த வேலைநிறுத்தத்தை நடத்தியது கம்யூனிஸ்ட் கட்சி அல்ல. நாட்டிலேயே கட்டுக்கோப்பான தொழிலாளர் கட்சி அதுதான். 1937-இல் பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத்தையே கைப்பற்றி நடத்திக் காட்டிய ஆட்கள் அதில் இருந்தார்கள். அப்படியிருந்தும் நாட்டின் மிகப் பெரிய தமிழர் எழுச்சி அதன் கைக்கு வெளியே நடந்தது. சீனனுக்குச் சமமான கூலி கொடு என்று தமிழன் கேட்கும்போது, ஆமாம் கொடு என்று சீனத் தொழிலாளி பக்கத்தில் வந்து நின்றிருக்க வேண்டிய நேரம் அது. கட்சியின் கண் அப்போது சீனாவின் மீது இருந்தது. ஜப்பான் அங்கே ஊர் ஊராக எரித்துக்கொண்டிருந்தது. இங்கே சீனத் தொழிலாளி ஒவ்வொரு காசையும் சீன நிவாரண நிதிக்குச் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

1941 டிசம்பரில் சப்பான்காரன் இறங்கினான். அதுவரை கம்யூனிஸ்டுகளைச் சிறையில் போட்ட வெள்ளைக்காரன், சிறைக் கதவைத் திறந்து, சிங்கப்பூரில் அவசர அவசரமாகக் கொரில்லாப் பயிற்சி கொடுத்துக் காட்டுக்குள் அனுப்பினான். அவர்கள்தான் மலாயா மக்களின் ஜப்பானிய எதிர்ப்புப் படையாக வளர்ந்தார்கள். 1943 டிசம்பர் கடைசியில், பேராவில் பீடோருக்கு மேலே காட்டுக்குள் ஒரு முகாமில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு பக்கம் ஜான் டேவிஸ் முதலிய பிரிட்டிஷ் அதிகாரிகளும் அவர்களோடு வேலை செய்த லிம் போ செங்கும். மறுபக்கம் வேறு பெயரில் கையெழுத்துப் போட்ட கட்சியின் தலைமைச் செயலாளர் லாய் டெக். பிரிட்டிஷ் தரப்பு ஆயுதமும் பணமும் மருந்தும் தரும், படை நேச நாடுகளின் கட்டளைப்படி நடக்கும். போர் முடிந்த பிறகு நாடு யாருக்கு என்ற கேள்வியை எழுப்பவே இல்லை. அந்த லாய் டெக் போருக்கு முன் பிரிட்டிஷ் போலீஸின் உளவாளி, போரின்போது ஜப்பானிய ராணுவப் போலீஸின் உளவாளி. 1942 செப்டம்பர் முதல் தேதி பத்துமலை அருகே கூடிய தலைவர்களைக் காட்டிக் கொடுத்தவரும் அவர்தான். கூட்டணிப் பத்திரத்தில் கட்சி சார்பாக விழுந்த கையெழுத்தே எதிரியின் ஆளுடையது என்றால், அந்தக் கூட்டணியைப் பற்றி நான் மேலே என்ன சொல்ல?

சரி, கட்சி பிரிட்டிஷாரோடு சேர்ந்து ஜப்பானை எதிர்த்தது. அதே நேரத்தில் நம் ஆட்கள் எங்கே இருந்தார்கள்? ஆயிரக்கணக்கானோர் சயாம் மரண ரயில் பாதை வேலையில். மற்றவர்களில் இளைஞர்களும் இளம்பெண்களும் பலர் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில். தோட்டத்தில் பால் வெட்டிய பெண் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி பிடித்தாள். நேதாஜிக்குக் கூட்டாளி ஜப்பான். பிரிட்டிஷ்காரனை விரட்ட ஜப்பானோடு சேர்ந்தது ஒரு படை, ஜப்பானை விரட்ட பிரிட்டிஷ்காரனோடு சேர்ந்தது இன்னொரு படை. இரண்டு படையிலும் இருந்தது ஒரே தோட்டத்து, ஒரே சுரங்கத்து ஏழைகள். மலாய்க்காரரில் பலர் ஜப்பானிய நிர்வாகத்தின் போலீஸிலும் அலுவலகத்திலும் இருந்தார்கள். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்து வெள்ளைக்காரன் திரும்பி வருவதற்குள், சில வாரங்கள் ஊர்கள் கொரில்லாக்களின் கையில் இருந்தன. துரோகி என்று பெயர் கொடுத்துப் பழி தீர்த்தார்கள். பத்து பகாட்டில் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் இனக் கலவரமாகவே மூண்டது. மலாய்க் கம்பங்களில் கட்சியின் பெயர் அன்றைக்குக் கெட்டது. அதற்குப் பிறகு கட்சி எத்தனையோ நல்ல மலாய்த் தலைவர்களைப் பெற்றது. அப்துல்லா சி.டி., ரஷித் மைதீன், ஷம்சியா பக்கே என்று பெயர்கள் உண்டு. ஆனாலும் அந்தச் சில வாரங்களின் கணக்கை அடைக்கக் கட்சியால் கடைசிவரை முடியவில்லை.

இனி வருகிற இரண்டரை ஆண்டுகளில்தான் நான் கொஞ்சம் நிதானமாக நிற்கப் போகிறேன்.

1945 டிசம்பரில் படை கலைக்கப்பட்டது. துப்பாக்கியை ஒப்படைத்தவனுக்கு 350 வெள்ளி. காட்டிலிருந்து வந்தவர்கள் நேரே தொழிற்சங்க வேலையில் இறங்கினார்கள். இப்போதுதான் ஒரு புது விஷயம் நடக்கிறது. இந்திய தேசிய ராணுவத்தில் இருந்து கலைந்து வந்த தமிழ் இளைஞர்களும் அதே சங்கத்துக்குள் வந்தார்கள். நேற்று எதிரெதிர் அணியில் நின்றவர்கள் இன்று ஒரே மேசையில். தஞ்சை மாவட்டத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்த எஸ்.ஏ. கணபதி அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். சம்மேளனத்தில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் இருப்பதாகச் சொல்லிக்கொண்டார்கள். சீனர், தமிழர், மலாய்க்காரர் மூவரும் ஒரே அமைப்பில் சந்தா கட்டியது இந்த நாட்டில் அதற்கு முன் நடந்ததில்லை. அதன் உச்சியில் ஒரு தமிழர். இது எந்த மாஸ்கோ தீர்மானத்தாலும் வந்தது அல்ல. அரிசி விலை ஏறியது, கூலி ஏறவில்லை, அதனால் வந்தது.

நமக்குப் பக்கத்திலேயே, மூடா ஆற்றைத் தாண்டி, பீடோங் பக்கம் ஹார்வர்டு தோட்டத்தில் ஏ.எம். சாமி என்ற லாரி டிரைவர் தொண்டர் படை கட்டினார். கள்ளுக்கடை முன்னால் மறியல். குடித்துவிட்டு வந்தவனைத் தோட்டத்து இளைஞர்களே கண்டித்துத் திருத்துவது. சாதி பார்க்காதே என்று பிரச்சாரம். காக்கிச் சட்டை, அணிவகுப்பு என்று நேதாஜி படையின் வாசனை அதில் அப்படியே அடித்தது. கள்ளுக்கடையில் ஏழை கொட்டிய காசு நின்றதும் துரைமாருக்கும் போலீசுக்கும் வயிறு எரிந்தது. 1947 தொடக்கத்தில் பீடோங் வட்டாரத்தில் மோதல், கைது, சிறை என்று அது நசுக்கப்பட்டது. சாமி கம்யூனிஸ்டா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்றும் தர்க்கம் செய்கிறார்கள். எனக்கு அந்தத் தர்க்கத்தில் ருசி இல்லை. தொண்டர் படையைப் போல ஒன்றை லயத்துக்குள்ளே இருந்து எழுப்பியவனோடு பேசத் தெரிந்த கட்சிதான் கூட்டணி என்ற சொல்லுக்குத் தகுதியான கட்சி. கெடாவில் கட்சி அந்தப் பக்கம் நெருங்கத் தொடங்கியிருந்தது. காலம் போதவில்லை.

மேலே அரசியலிலும் அதே காலத்தில் ஒரு கூட்டணி பிறந்தது. மலாயா யூனியன் என்ற ஆட்சித் திட்டத்தைக் கைவிட்ட பிரிட்டிஷார், அம்னோவோடும் சுல்தான்களோடும் மட்டும் பேசிப் புது அரசியலமைப்பைத் தயாரித்தார்கள். அதை எதிர்த்து அகில மலாயாக் கூட்டு நடவடிக்கை மன்றம் 1946 டிசம்பரில் அமைந்தது. தலைவர் டான் செங் லாக், மலாக்காவின் பெரிய பணக்காரர். உள்ளே மலாயா ஜனநாயக யூனியன், கணபதியின் சம்மேளனம், ஜான் திவி தலைமையில் இருந்த நம் ம.இ.கா. ஆமாம், ம.இ.கா.தான். இன்றைய இளைஞர்களுக்கு வியப்பாக இருக்கும். இன்னொரு பக்கத்தில், இடதுசாரி மலாய் அமைப்புகள் 1947-இல் புத்ரா என்ற பெயரில் அணி சேர்ந்தன. டாக்டர் புர்ஹானுடீனின் கட்சி, அகமது பூஸ்தாமானின் இளைஞர் அமைப்பு எல்லாம் அதில். இரண்டு அணியும் கைகோத்து 1947 ஆகஸ்டில் மக்கள் அரசியலமைப்பு முன்மொழிவுகளை வெளியிட்டன. மலாயாவில் பிறந்தவருக்குக் குடியுரிமை. எல்லாக் குடிமகனுக்கும் ‘மெலாயு’ என்ற ஒரே தேசப் பெயர். மலாய் ஆட்சிமொழி. முதல் ஒன்பது ஆண்டுகளுக்குச் சட்டமன்றத்தில் மலாய்க்காரருக்குக் குறைந்தது 55 விழுக்காடு இடம். சீனரும் தமிழரும் மெலாயு என்ற பெயரை ஏற்றார்கள், மலாய்க்காரர் பிறப்புக் குடியுரிமையை ஏற்றார்கள். ஒவ்வொரு தரப்பும் தன் வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டுதான் அதில் கையெழுத்துப் போட்டது. அக்டோபர் 20-ஆம் தேதி நாடெங்கும் கடையடைப்பு நடந்தது.

கம்யூனிஸ்ட் கட்சி இதில் பின்னால் நின்று தாங்கியது. முன்னால் வந்து கொடி பிடிக்கவில்லை. என் கணக்கில், அந்தக் கட்சி தன் ஆயுளில் செய்த மிகச் சிறந்த கூட்டணி வேலை இதுதான். பணக்கார டான் செங் லாக்கையும் லாரி டிரைவரையும் மலாய் ஆசிரியரையும் ஒரு காகிதத்தின் கீழே கொண்டுவந்தது.

இதை உடைத்ததில் முதல் பங்கு வெள்ளைக்காரனுக்கு. முன்மொழிவைப் படித்துப் பார்க்கவும் மறுத்தான். பூஸ்தாமானின் அமைப்பைத் தடை செய்தான். 1948 பிப்ரவரி முதல் தேதி, தான் எழுதியதையே சட்டமாக்கினான். தொழிற்சங்கங்களைத் தொழில்வாரியாகத் துண்டாக்கச் சட்டத்தைத் திருத்தினான். இத்தனைக்குப் பிறகும் பொறுமையாக இரு என்று எந்தத் தொழிலாளியிடம் சொல்ல முடியும்?

ஆனால் இரண்டாவது பங்கு வெளியிலிருந்து வந்தது. 1947-இல் லாய் டெக் கட்சிப் பணத்தோடு ஓடிப்போனார். அவர் யார் என்பது அம்பலமானது. சித்தியவானில் பிறந்து இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த சின் பெங் தலைமைச் செயலாளரானார். முந்தைய தலைவர் துரோகி என்றால், அவர் போட்ட மிதவாதப் பாதையும் துரோகம்தானே என்ற எண்ணம் கட்சிக்குள் பரவியது. கூட்டணி வேலையின் மீதே சந்தேகம் விழுந்தது. அந்த நேரம் பார்த்து உலகத்திலும் காற்று திரும்பியது. உலகம் இரண்டு முகாம், நடுவில் இடமில்லை என்று 1947 செப்டம்பரில் சோவியத் தலைமை அறிவித்தது. 1948 பிப்ரவரியில் கல்கத்தாவில் தென்கிழக்காசிய இளைஞர் மாநாடு. அங்கேயே இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் இரண்டாவது காங்கிரஸ் கூடி, ரணதிவே தலைமையில் நேரு அரசைத் தூக்கி எறியும் பாதையை எடுத்தது. அங்கிருந்து திரும்பும் வழியில் ஆஸ்திரேலியக் கட்சித் தலைவர் லாரன்ஸ் ஷார்க்கி சிங்கப்பூரில் இறங்கினார். வேலைநிறுத்தத்தில் கருங்காலிகளை எங்கள் ஊரில் எப்படித் தீர்ப்போம் தெரியுமா என்று அவர் பேசியது அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களை உசுப்பியது என்று சின் பெங் தம் நினைவு நூலில் எழுதுகிறார். ஆஸ்திரேலியச் சுரங்கத்தின் அனுபவம் நமது பால்மரக் காட்டுக்கு எப்படிப் பொருந்தும் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. மாஸ்கோ உத்தரவு போட்டுத்தான் கலகம் நடந்தது என்று அந்தக் காலத்தில் பிரிட்டிஷார் எழுதினார்கள். அதை நான் நம்பவில்லை. உத்தரவு எதுவும் தேவைப்படவில்லை. உள்ளே ஏற்கெனவே பொறுமை இழந்தவனுக்கு வெளியிலிருந்து ஒரு சபாஷ் போதும்.

1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் நாடு முழுக்க அவசரகாலம். கட்சி தயாராகவே இல்லை. சின் பெங்கே பிடிபடாமல் தப்பியது அதிர்ஷ்டம். சம்மேளனம் அதற்கு முன்பே தடை செய்யப்பட்டுவிட்டது. வெளிப்படையாகக் கூட்டணி கட்டியவர்கள் ஒரே வாரத்தில் சிறைக்கோ காட்டுக்கோ போக வேண்டியிருந்தது. 1947-இல் லண்டனில் நடந்த பிரிட்டிஷ் பேரரசுக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் மாநாட்டுக்கு ரஷித் மைதீனோடு போய்வந்த பேராவின் ஆர். பாலன் தடுப்புக்காவலுக்குப் போனார்.

இங்கே ஒரு சின்ன விலகல். நிபோங் திபாலில் கலிடோனியா தோட்டத்தின் 99 கதவு மாளிகையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதே 1948-இல் அதன் வாரிசு ராம்ஸ்டன் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். கம்யூனிஸ்ட் வேலை என்பார்கள் சிலர், சொத்துத் தகராறு என்பார்கள் சிலர், அந்த மாளிகையில் பேய் நடமாடுகிறது என்பதில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போவார்கள். அந்த ஆண்டு இந்த வட்டாரத்தில் எந்தத் துப்பாக்கி வெடித்தாலும் அது ஒரே கணக்கில்தான் எழுதப்பட்டது என்பதற்காகச் சொன்னேன்.

கணபதியை 1949 மார்ச்சில் ரவாங் அருகே துப்பாக்கியோடு பிடித்தார்கள். துப்பாக்கி வைத்திருந்ததற்குத் தூக்கு. கருணை காட்டச் சொல்லி நேருவின் அரசு கேட்டது. பிரிட்டிஷார் காது கொடுக்கவில்லை. மே 4-ஆம் தேதி பூடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அதற்கு முந்தைய நாள்தான் அவரோடு சங்க வேலை பார்த்த பி. வீரசேனன் நெகிரி செம்பிலானில் சுட்டுக் கொல்லப்பட்டார். இதில் ஒரு முரண் இருக்கிறது. கணபதிக்காக வாய் திறந்தது எந்த நேரு அரசைக் கவிழ்க்க வேண்டும் என்று கல்கத்தாவில் தீர்மானம் போட்டார்களோ அந்த நேரு அரசு. தோழமைக் கட்சிகளால் அவர் கழுத்துக் கயிற்றைத் தொடக்கூட முடியவில்லை.

அடுத்து காட்டுப் போர். இதில் கூட்டணி பற்றி ஒரே ஒரு விஷயம். கொரில்லாக்கள் வெள்ளைக்காரக் கம்பெனியை நஷ்டப்படுத்த ரப்பர் மரங்களைக் கொத்தினார்கள். இங்கே இருக்கிற பெரியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பால்மரத்தின் பட்டையில் உளி எவ்வளவு ஆழம் போகலாம் என்று ஒரு கணக்கு உண்டு. அதைத் தாண்டினால் மரம் காயம்பட்டு அந்தப் பக்கம் மறுபடி பட்டை ஒழுங்காக வளராது. கண்டபடி கொத்திய மரத்தைக் காலையில் போய்ப் பார்க்கிற பெண்ணுக்கு, லண்டன் கம்பெனியின் நஷ்டமா கண்ணில் படும்? இன்றைக்கு மங்கில் பால் இல்லை, வெட்டு இல்லை, கூலி இல்லை என்பதுதான் படும். அடையாள அட்டையைப் பிடுங்கிக் கிழித்தார்கள், பஸ்ஸைக் கொளுத்தினார்கள். அட்டை இல்லாதவனைப் போலீஸ் பிடித்தது. பஸ் இல்லாத ஊரில் நோயாளி நடந்தான். இதெல்லாம் தவறு, நிறுத்துங்கள் என்று கட்சியே 1951 அக்டோபரில் தீர்மானம் போட்டது. மூன்று ஆண்டு தாமதம். அதற்குள் பிரிக்ஸ் திட்டம் காட்டோரத்துச் சீனர்களைச் சுமார் ஐந்து லட்சம் பேரை முள்வேலிக்குள் குடியேற்றத் தொடங்கியிருந்தது. மாச்சாங் பூபோக், சுங்கை லெம்பு என்று நம் பக்கத்துப் புதுக்கிராமங்களின் பிறப்பு அதுதான். தோட்டங்களிலும் சிதறிக் கிடந்த லயங்களை ஒன்றாகச் சேர்த்து வேலி போட்டார்கள்.

வெள்ளைக்காரனும் கூட்டணி கட்டினான், அதுவும் திறமையாக. கம்யூனிஸ்ட் அல்லாத சங்கங்களை வளர்த்தான். 1954-இல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் பி.பி. நாராயணன் தலைமையில் உருவானது. மேற்கத்திய சார்புடைய சுதந்திரத் தொழிற்சங்கங்களின் உலகச் சம்மேளனத்தோடு அது இணைந்து நின்றது, பின்னால் நாராயணன் அந்த உலக அமைப்புக்கே தலைவரானார். அந்தச் சங்கத்தைப் பற்றி எனக்குக் கடுமையான விமர்சனங்கள் உண்டு, அது வேறு மேடைக்கு. ஆனால் அதன் வெளிநாட்டு நட்பு அதற்கு உள்நாட்டில் இடைஞ்சலாக இல்லை, துணையாக இருந்தது.

1955 டிசம்பர் 28, 29. பாலிங். இங்கிருந்து காரில் போய்வரக்கூடிய தூரம். பள்ளிக்கூடக் கட்டடத்தில் ஒரு பக்கம் மலாயாவின் முதலமைச்சர் துங்கு, சிங்கப்பூரின் முதலமைச்சர் டேவிட் மார்ஷல், டான் செங் லாக். இன்னொரு பக்கம் சின் பெங், சென் டியன், ரஷித் மைதீன். எட்டு ஆண்டுக்கு முன் மக்கள் அரசியலமைப்புக்குத் தலைமை தாங்கிய அதே டான் செங் லாக் இப்போது எதிர்ப்பக்கத்து நாற்காலியில். சின் பெங்கைக் காட்டிலிருந்து அழைத்து வந்து திரும்பக் கொண்டு விட்டவர் யார்? பீடோர் காட்டில் ஒப்பந்தம் போட்ட ஜான் டேவிஸ். பேச்சு முறிந்தது. கட்சியை அங்கீகரிக்கத் துங்கு சம்மதிக்கவில்லை. ஆனால் பாதுகாப்பு அதிகாரம் மலாயா அரசின் கைக்கு வந்தால் ஆயுதத்தைக் கீழே வைப்போம் என்று சின் பெங் சொன்ன சொல்லை எடுத்துக்கொண்டு துங்கு அடுத்த மாதமே லண்டன் போனார். 1957-இல் சுதந்திரம் வந்தது. யாருக்கு எதிராகப் போர் என்று சொல்லிக்கொண்டிருந்தார்களோ அந்த வெள்ளைக்காரன் கொடியை இறக்கிவிட்டுப் போய்விட்டான்.

அதன் பிறகு போரை முடித்திருக்கலாம். முடிக்கவும் நினைத்தார்கள். சின் பெங் 1961-இல் பெய்ஜிங் போய்ச் சேர்ந்தபோது கட்சி படையைக் கலைக்கும் எண்ணத்தில் இருந்தது. தென்கிழக்காசியாவில் நிலைமை மாறப் போகிறது, ஆயுதத்தை வைக்காதே என்றார் டெங் சியாவோபிங். கேட்டார்கள். 1969-இல் சீனாவின் ஹூனானிலிருந்து மலாயாப் புரட்சிக் குரல் வானொலி ஒலிக்கத் தொடங்கியது. இங்கே அதற்குச் செவி கொடுக்க வேண்டியவனுக்கும் அந்த அலைவரிசைக்கும் நடுவே தென்சீனக் கடலே இருந்தது. 1974 மே மாதம் பிரதமர் துன் ரசாக் பெய்ஜிங் போய்த் தூதரக உறவு ஏற்படுத்தினார். 1980 கடைசியில் அதே டெங், சின் பெங்கைக் கூப்பிட்டு வானொலியை நிறுத்தச் சொன்னார். தென்கிழக்காசிய அரசுகளோடு சீனாவுக்கு அப்போது காரியம் இருந்தது. 1981 நடுவில் குரல் நின்றது. தொடரச் சொன்னவரும் நிறுத்தச் சொன்னவரும் ஒருவரே. இரண்டு முறையும் அவர் பார்த்தது தம் நாட்டின் நலத்தை. அதில் அவரைத் தப்புச் சொல்ல முடியுமா?

இது மலாயாவின் தனிக்கதை என்று நினைக்க வேண்டாம். இலங்கையைப் பாருங்கள். 1948-இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தபோது எதிர்த்து நின்றவர்கள் அங்குள்ள இடதுசாரிகள். 1964 ஜூனில் லங்கா சமசமாஜக் கட்சி சிறிமாவோவின் அமைச்சரவைக்குள் போனது. அதே ஆண்டு அக்டோபரில் அந்த அரசு இந்தியப் பிரதமர் சாஸ்திரியோடு ஒப்பந்தம் போட்டு, 5,25,000 தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. மலாயாவில் தூரத்து நண்பர் கெடுத்ததை அங்கே பக்கத்துப் பெரும்பான்மைக் கூட்டாளி கெடுத்தார். இரண்டிலும் லயத்துத் தமிழனிடம் யாரும் வாயைத் திறந்து கேட்கவில்லை.

1989 டிசம்பர் 2-ஆம் தேதி ஹாட்யாயில் கட்சி, மலேசிய அரசு, தாய்லாந்து அரசு மூன்றும் சமாதானத்தில் கையெழுத்திட்டன. சின் பெங்கை நாடு திரும்ப விடவில்லை. 2013 செப்டம்பர் 16-ஆம் தேதி, மலேசிய தினத்தன்று, பாங்காக்கில் இறந்தார்.

நான் 1947 ஆகஸ்டுக்குத் திரும்ப வேண்டும். ஏனென்றால் நம் ஆட்களுக்கு அந்தக் காகிதத்தின் குடியுரிமைப் பிரிவுதான் கதையே. மக்கள் அரசியலமைப்பின்படி மலாயாவில் பிறந்தவன் குடிமகன், அவ்வளவுதான். அதைத் தள்ளிவிட்டு வந்த 1948 சட்டம் பினாங்கையும் மலாக்காவையும் தனியாகப் பார்த்தது. அங்கே பிறந்து நாட்டில் நிலையாக இருந்த பிரிட்டிஷ் பிரஜைக்குக் குடியுரிமை எளிது. மூடா ஆற்றுக்கு அந்தப் பக்கம் கெடாவில் ஹார்வர்டு தோட்டத்தில் பிறந்தவர், தம் தகப்பன் அங்கே பிறந்ததையோ நெடுங்காலம் தொடர்ந்து வாழ்ந்ததையோ காட்ட வேண்டும். பிறப்புப் பத்திரம் எந்த லயத்தில் பத்திரமாக இருந்தது? இடையில் சப்பான்காரன் காலம், மரண ரயில். 1957-க்குப் பிறகு வழி திறந்தபோதும் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கவும், அலுவலகத்துக்கு அழைத்துப் போகவும், கணபதியின் சங்கத்தைப் போல ஒன்று தோட்டம் தோட்டமாக இல்லை. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய உரிமம் வாங்க வேண்டும் என்று வந்தபோது, சிவப்பு அடையாள அட்டையோடு இருந்த தோட்டத் தமிழர் ஏறத்தாழ 60,000 பேர் ஊருக்குக் கப்பலேறினார்கள். பலர் ஏறியது நம் பினாங்குத் துறைமுகத்தில்தான். அவர்களில் எத்தனையோ பேர் பிறந்ததே இந்த நாட்டில். 1947 முன்மொழிவுகளில் அவர்கள் குடிமக்கள்.

கேள்வி கேட்க நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். கெடா பக்கத்திலிருந்து வந்தவர்கள், தொண்டர் படையைப் பற்றி வீட்டில் கேட்ட சேதி ஏதாவது இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள்.